அலமாரியில் இருக்கும் இட்லி

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் எல்லோரும் முதல் வாரம் முடிவதற்குள் என்னைத் தேடி வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். சம்பளம் எப்போது ஏறும் என்று கேட்டால்கூட நியாயம் என்பேன். "ஆபீஸ் அலமாரில கண்ணாடி பாட்டில்ல ஒரு இட்லி கீதே, அது இன்னாத்துக்கு?" என்றுதான் கேட்கிறீர்கள். ஆளுக்கு ஆள் உட்கார்ந்து சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. எழுதிக் கொடுத்தால் இன்னொரு வசதியும் உண்டு: நான் கதையின் முக்கியமான இடத்துக்கு வரும்போது யாரும் எழுந்து டீ குடிக்கப் போக முடியாது.

முதலில் என்னைப் பற்றி. அடக்கமாகச் சொல்லச் சொன்னால் எனக்கு வராது, அதனால் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். இரண்டாவது தடவை வாத்தியாரே, "நீ எழுந்து போனா மத்தவங்களுக்கு காத்து வரும்" என்றார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத தூளை மட்கிப்போகிற பிளாஸ்டிக்கில் கலந்து, தின்பண்டம் கெடாமல் இருக்கப் பை ஊதினேன். கோலார் தங்க வயலில் அதற்கு முன்னால் இதைச் செய்தவன் எவனாவது இருந்தால் கூட்டி வாருங்கள், காலில் விழுகிறேன். நான் முதன்முதலில் 'நானோ' என்று சொன்னபோது இந்த ஊரே, "கார் ஏஜென்சி எடுத்துக்கினியா?" என்று கேட்டது.

அதற்கும் முன்னால், சுரங்கம் மூடுகிற வரைக்கும், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில், ஷாஃப்ட் என்கிற இறங்கு குழியின் வாசலில் டோக்கன் பலகைக்கு எடுபிடியாக இருந்தேன். உங்களில் பாதிப் பேர் அந்தப் பலகையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டு இறங்குவான். அது பலகையில் தொங்கும். மேலே வந்ததும் அதை வாங்கிக்கொண்டு போவான். ஆணியில் டோக்கன் தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்ட பெரியவர் மகா சிடுமூஞ்சி. பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள், ஒரே ஒரு டோக்கன் மட்டும் தொங்குகிறது. பெரியவர் அடுத்த ஷிஃப்டை இறங்க விடவில்லை. கேஜ் நிற்கிறது, ஆட்கள் நிற்கிறார்கள், மேனேஜர் ஓடி வந்து கத்துகிறார். "இறங்கினவன் ஏறலை. அவன் எங்கன்னு சொல்லு, கேஜை விடறேன்" என்பதற்கு மேல் பெரியவர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஆள் சாராயக் கடையில் அகப்பட்டான்; அவசரத்தில் டோக்கன் வாங்காமலே ஓடியிருக்கிறான். எல்லோரும் பெரியவரைப் பார்த்துச் சிரித்தோம். அவருக்கு வெட்கமே இல்லை. "சாராயக் கடைல இருந்தா சந்தோசம்டா. கீழ இருந்திருந்தா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை மடிக்கத் தொடங்கினார். இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

சுரங்கம் மூடிய பிறகு ஊரே ரயில் ஏறியது. நானும் ஏறினேன். மாரிகுப்பத்தில் விடியுமுன் ஏறி, பெங்களூரில் பிளாஸ்டிக்கை உருக்கிக் காற்றடித்துப் பை ஊதும் ஃபேக்டரியில் நாள் முழுக்க நின்று, இருட்டிய பிறகு வந்து சேருவேன். பெற்ற பிள்ளை என்னை ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி என்று நினைத்துக்கொண்டிருந்தது. மிஷின் வேலை பிடிபட்டதும் உள்ளூரில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டேன். ஓட்டை மிஷின்தான், ஆனாலும் என் மிஷின். கேரி பேக் ஊதி நிமிர்ந்து உட்காருவதற்குள் கேரி பேக்குக்குத் தடை வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் ரயிலில் ரெஜினாவைப் பார்த்தேன். மாரிகுப்பத்துப் பெண், பெங்களூரில் டாக்டர் பட்டம் வாங்கியவர், ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பையில் இருந்து பிரெட் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். பையைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது.

"யாரும்மா இந்தப் பையை ஊதினது? ஒரு பக்கம் அப்பளம், ஒரு பக்கம் அடை. ஊதத் தெரியாத கைநாட்டு எவனோ ஊதிக்கீறான்."

"நான்தான் அங்கிள் ஊதினேன்" என்றார்.

பங்காருப்பேட்டை வருவதற்குள் சமாதானம் ஆகி, ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் கூட்டாளிகள் ஆகிவிட்டோம். அவர் தலைக்குள் இருந்தது இதுதான்: மரவள்ளி மாவையும் மட்கும் பிளாஸ்டிக் குருணையையும் சேர்த்து மெல்லிய ஃபிலிம், அதன் உள்பக்கத்தில் துத்தநாகத்தின் நானோ தூளும் கிராம்பு எண்ணெயின் பொடிப்பொடித் துளிகளும். தின்பண்டத்தின் மேல் கிருமி வளராது. தூக்கிப் போட்டால் பை மண்ணோடு மண்ணாகிவிடும். அவருக்குத் தூள் தெரியும், எனக்கு ஊதத் தெரியும். வேலையை விட்டுவிட்டு அவர் என் ஷெட்டுக்கு வந்தார். உள்ளூர்ப் பெண்கள் பலர் பெங்களூர் தையல் ஃபேக்டரிகளை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் வாய் நீளமானவள் வசந்தா. ஆமாம், இன்றைக்கு நீங்கள் எழுந்து நின்று குட்மார்னிங் சொல்கிறீர்களே, அதே வசந்தா மேடம்தான். அன்றைக்கு மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

தொடக்கத்திலேயே ஒரு கூத்து நடந்தது. பை மண்ணில் மட்குகிறதா என்று புதைத்துப் பார்க்கவேண்டும். வாடகை கேட்காத இடமாகப் பார்த்து, சயனைட் மேட்டு ஓரத்தில் புதைத்தோம். தங்கம் பிரித்துக் கொட்டிய மண், பல தலைமுறையாகக் குவிந்து கிடக்கிறது, புல்கூட முளைக்காது. இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்காதீர்கள். பெரியவர்களிடம் அப்படியெல்லாம் கேட்பது மரியாதை இல்லை. நாள் கணக்காகக் காத்திருந்து தோண்டினால், பை கல்யாணத்துக்குக் கிளம்பினது போல மின்னுகிறது. ரெஜினா அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். அப்புறம் இடத்தைப் பார்த்தார்.

"அங்கிள், இந்த மண்ணுல ஒரு புழுகூட கிடையாது. மட்க வெக்கிறதே உயிருங்கதான். இங்க யார் வந்து தின்பாங்க?"

"சும்மா கெடச்சுதேன்னு பாத்தேன்."

"சும்மா கெடச்சது செத்த மண்ணு அங்கிள்."

பிறகு என் வீட்டுப் பின்னால் சாணிக் குழியில் புதைத்தோம். அங்கே பை இருந்த அடையாளமே தெரியாமல் போயிற்று. ஊரில் எல்லோருக்கும் அந்த மேட்டைத் தெரியும், சின்ன வயதில் அதன் மேல் ஏறி விளையாடாதவன் இல்லை. ஆனாலும் அங்கே போய்த்தான் புதைத்தோம். பக்கத்திலேயே கிடக்கிறதைத்தான் மனுஷன் பார்க்கமாட்டான். இதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

இனி மாவு முதலாளி வருகிறார். பெங்களூரில் இட்லி மாவைப் பாக்கெட்டில் போட்டு விற்று மாடி மேல் மாடி கட்டியவர், பூர்வீகம் ஆம்பூர்ப் பக்கம், பேச்சில் நடுநடுவே கன்னடம் வரும். அவருக்கு ஒரே தலைவலி: கடையில் வைத்த பாக்கெட் உப்புகிறது. கடைக்காரன் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஃபிரிட்ஜை அணைத்துவிடுகிறான், உள்ளே மாவு புளித்துப் பொங்கிப் பாக்கெட் பலூன் ஆகி வெடிக்கிறது. வெடித்ததெல்லாம் அவர் தலையில் திரும்பி வருகிறது. எங்கள் பையைப் பற்றி யாரோ சொல்லி, ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"பெரியவரே, கிருமிய கொல்ற பை ஊதறீங்களாமே? எனக்கு ஊதிக் குடுங்க. மாவு உப்பக் கூடாது, அவ்ளோதான். உப்பலைன்னா மொத்த ஆர்டரும் உங்களுக்கே. ஆய்தா?"

அந்த ஆர்டர் எங்களுக்கு எப்படிப்பட்டது என்று உங்களுக்குப் புரியவேண்டும். ஷெட் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நேரம். ஆர்டர் வந்தால் மிஷின் ஓடும், வராவிட்டால் கதவைச் சாத்தவேண்டும். கதவைச் சாத்தினால் வசந்தாவும் மற்றவர்களும் மறுபடியும் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலுக்கு நிற்கவேண்டும். என் கவலை அதுதான். பிள்ளை தூங்கும்போது கிளம்பி, பிள்ளை தூங்கின பிறகு வருகிற பிழைப்பு என்னவென்று நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அவர் அரைத்து அனுப்பிய மாவு, லேசாகப் புளிக்கத் தொடங்கியபடி வந்தது. அதை எங்கள் பைகளில் அடைத்தோம். பழைய பிளாஸ்டிக் பைகளிலும் கொஞ்சம் அடைத்துப் பக்கத்தில் வைத்தோம். பழைய பைகள் மறுநாளே கர்ப்பிணி மாதிரி ஆயின. எங்கள் பை தட்டையாகவே கிடந்தது. அதற்கு மறுநாளும் தட்டை. வசந்தா பையைத் தட்டிப் பார்த்து, "ணா, இது சாமியார் மாதிரி உக்காந்துக்கினு கீது" என்றாள். நான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். ரெஜினா முதலாளிக்குப் படம் எடுத்து அனுப்பினார். அவர் நாள் பார்த்துச் சொன்னார்: அடுத்த புதன்கிழமை வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து.

கவனியுங்கள். ஒரு ஷெட் நிறையத் தமிழர்கள். காலையில் இட்லி, ராத்திரி தோசை என்று வளர்ந்தவர்கள். எங்களில் ஒருவருக்குக்கூட அந்த மாவில் இட்லி ஊற்றிப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. ஏன் என்றால் அது மாவு இல்லை, சாம்பிள். சாம்பிளை யாரும் தின்னக்கூடாது என்று ரெஜினா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வசந்தா அதைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். பையை அளந்தோம், எடை போட்டோம், படம் எடுத்தோம். இட்லிக் குண்டான் மட்டும் யார் நினைவுக்கும் வரவில்லை. மறுபடியும் சயனைட் மேடு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. வீட்டில் அரைத்து வைத்த மாவைப் பூனை தள்ளிக் கவிழ்த்துவிட்டது. என் மனைவி ஞானத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் மார்பைத் தட்டிக்கொண்டு, "இரு, உலகத்துல இல்லாத மாவு ஒண்ணு கொண்டாறேன்" என்று ஷெட்டுக்குப் போய் ஒரு பை எடுத்து வந்தேன். சுவரில் எழுதியிருந்தது மற்றவர்களுக்கு, நான் முதலாளி.

ஞானம் பாத்திரத்தில் ஊற்றிக் கரண்டியால் கிண்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இது இன்னா, மாவு உப்பவே இல்ல?"

"அதாண்டி இதோட பெருமையே."

"சரி, பெருமையைத் தட்டுல ஊத்தி வேக வெக்கறேன். வந்தவரு பெருமையைத் தின்னுட்டுப் போவட்டும்."

இட்லி வந்தது. பார்வைக்கு இட்லிதான். பாஸ்டர் விரலால் அழுத்தினார், அது திரும்பி அழுத்தியது. ஸ்பூனால் வெட்டினார், ஸ்பூன் வளைந்தது. நல்ல மனுஷர், ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டைக் கடவாயில் அதக்கிக்கொண்டு கண்ணை மூடினார். ஜெபம் பண்ணுகிறார் என்று நாங்களும் கண்ணை மூடினோம். அவர் கண்ணைத் திறந்து கேட்டார்.

"சிஸ்டர், மாவுல கிராம்பு சேர்த்தீங்களா?"

"இல்லீங்களே பாஸ்டர்."

"ரெண்டு நாளா கடவாய்ப் பல்லுல உயிர் போற வலி. இப்ப சுத்தமா இல்ல. ஸ்தோத்திரம்."

ஞானம் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. கிராம்பு எண்ணெய் இருக்கவேண்டிய இடம் பையின் ஃபிலிம். அது பாஸ்டர் பல்லில் என்ன செய்கிறது?

இறங்கினவன் ஏறவில்லை. டோக்கன் மட்டும் பலகையில் தொங்குகிறது.

திங்கட்கிழமை ரெஜினாவிடம் பல் வலிக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தவர் என்னை மாதிரியே பாதியில் நிறுத்தினார்.

"எண்ணெய் மாவுக்குள்ள வந்திருக்கு."

"எண்ணெய் வந்தா, துத்தநாகம்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "புளிப்பு பட்டா துத்தநாகம் கரையும் அங்கிள். எனக்குத் தெரியாததில்ல. நான் தண்ணியில ஊற வெச்சுதான் டெஸ்ட் பண்ணினேன். மாவு ஃபிரிட்ஜ்லயே இருக்கும், அவ்ளோ புளிக்காதுன்னு விட்டுட்டேன்."

"ஃபிரிட்ஜை அணைக்கறானுங்கன்னுதானே அந்த ஆளு நம்மகிட்ட வந்தான்?"

மாவு உப்பவில்லை என்று நாங்கள் கொண்டாடியதே, ஃபிலிமுக்குள் இருக்கவேண்டிய தூளும் எண்ணெயும் அதை விட்டு இறங்கி மாவில் கலந்து, மாவைக் கொன்றதால்தான். ரெஜினா உடனே புளித்த நீரில் ஃபிலிமை ஊறவைத்து, பெங்களூரில் தெரிந்த ஒரு சோதனைக் கூடத்துக்குத் தானே எடுத்துக்கொண்டு ஓடினார். செவ்வாய் சாயங்காலம் ரயிலில் இருந்தே போன் செய்தார். துத்தநாகம் சாப்பாட்டில் இருக்கலாம் என்று சொல்லும் அளவைத் தாண்டி இறங்கியிருக்கிறது. தூளைக் குறைத்தால் மாவு உப்பும். கூட்டினால் தூள் மாவுக்குள் போகும். நடுவில் வழி இல்லை.

"இன்னா பண்ணலாம் அங்கிள்?"

"டைம் கேப்போம்."

"எத்தினி டைம் கேட்டாலும் மாவு புளிக்கும் அங்கிள். புளிக்கிறதுதான் மாவு."

புதன்கிழமை முதலாளி காரில் வந்து இறங்கினார். கையில் ஸ்வீட் பெட்டி, மிஷினுக்குப் போட ரோஜா மாலை. வசந்தா கோலம் போட்டு வைத்திருந்தாள். எங்கள் ஆட்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது. முதலாளி மாலையை மிஷின் கழுத்தில் போட்டு, கும்பிட்டு, பேனாவைத் திறந்தார். ரெஜினா நடந்ததை மறைக்காமல் சொன்னார். புளிப்பு, துத்தநாகம், அளவு, எல்லாம். முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

"தண்ணில பாஸ் ஆச்சா, இல்லையா?"

"தண்ணில பாஸ்தான் சார். ஆனா..."

"ஆனா கீனா பேடாம்மா. அந்தத் தண்ணி பேப்பரைக் குடு, போதும். மாவுல பாதி தண்ணிதானே?"

உள்ளபடி சொல்கிறேன், ஒரு நொடி எனக்கும் அது ரொம்ப நியாயமாகப் பட்டது. பேப்பரில் பொய் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. இந்தத் தொழிலில் உங்களை முழுங்கப் போவது பொய்க் காகிதம் இல்லை பிள்ளைகளா. தப்பான கேள்விக்குச் சரியான பதில் எழுதிய காகிதம்தான். அது உங்கள் மேஜைக்குத் தானாக வரும், சிரித்துக்கொண்டு வரும், எல்லா முத்திரையும் குத்தி வரும்.

ஞானத்திடம் சொல்லி அந்த மாவிலேயே இட்லி வேகவைத்துக் கொண்டுவரச் செய்திருந்தேன். தட்டை முதலாளி முன்னால் வைத்தேன்.

"மொதல்ல ஒரு வாய் சாப்புடுங்க மொதலாளி. அப்புறம் கையெழுத்து."

"நான் இட்லி தொடமாட்டேன் பெரியவரே. சுகர்."

"ஒரு துண்டு?"

அவர் விரலால் அழுத்திப் பார்த்தார். புரிந்துகொண்டார், கெட்டிக்காரர். புன்னகை மாறவே இல்லை.

"கல்லாத்தான் கீது. இன்னா இப்போ? வாங்கினவன் எங்கிட்டயா வந்து கேப்பான்? வீட்ல பொண்டாட்டியைத் திட்டுவான், 'உனக்கு இட்லி ஊத்தத் தெரில'ன்னு. அவ அடுத்த வாட்டி உளுந்து பத்தலைன்னு நெனச்சுக்குவா. நமக்கு இன்னா?"

ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் முக்கால்வாசி பெண்கள். மிஷின் சத்தத்தையும் தாண்டி அந்தப் பேச்சு எல்லோர் காதிலும் விழுந்தது. வசந்தா மிஷின் திருகை முறுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். நான் வாயில் வந்ததைக் கேட்டேன்.

"மொதலாளி, உங்க வீட்ல எந்த பாக்கெட் மாவு?"

"வீட்லயா? வீட்ல அரைக்கிறோம்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது.

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். நான் போய் மிஷின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். ஸ்வீட் பெட்டியையும் கொடுத்தேன். ஏற்கெனவே பிரித்துவிட்டிருந்ததால் கொஞ்சம் குறைந்திருந்தது, அதை அவர் பெரிதுபடுத்தவில்லை.

"டவுன்ல பை ஊதறவன் ஆயிரம் பேர் கீறான் பெரியவரே. சும்னே கெட்டுப் போறீங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

இந்த இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள் என்று எழுத எனக்கு ரொம்ப ஆசை. தட்டவில்லை. வசந்தா நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"நல்லவரா இருக்கறது உங்களுக்கு ஈஸி ணா. நாளைக்குக் காலைல டிரெய்ன்ல நிக்கப் போறது நாங்க."

"அந்த மாவை உன் புள்ளைக்குக் குடுப்பியா?"

"குடுக்க மாட்டேன். அதுக்காக உங்களுக்கு மாலை போடவும் மாட்டேன். ரெண்டும் நெஜந்தான்."

அவள் தட்டிலிருந்து ஒரு இட்லியை எடுத்தாள். ரெஜினாவின் கண்ணாடி பாட்டில் ஒன்றில் போட்டாள். மூடியைத் திருகி அலமாரியில் என் நாற்காலிக்கு நேராக வைத்தாள். "உங்க நேர்மைக்கு மெடலு. பாத்துக்கினே உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னபடியே ஆயிற்று. அந்த மாதத்திலேயே பாதிப் பேர் ரயில் ஏறினார்கள். மிச்சப் பேரோடு ஷெட் பாதி நாள் ஓடியது, பாதி நாள் தூங்கியது. நானும் ரெஜினாவும் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்: எந்தத் தின்பண்டம் நம் தூளை வெளியே இழுக்காது? புளிப்பு இருக்கக்கூடாது, ஈரம் அதிகம் இருக்கக்கூடாது, உயிரோடு இருந்தால்தான் ருசி என்கிற சங்கதியாகவும் இருக்கக்கூடாது. கிராம்பு எண்ணெயை எடுத்து எறிந்தோம். பாஸ்டர் மட்டும் வருத்தப்பட்டார். துத்தநாகத்தை ஃபிலிமோடு இன்னும் இறுக்கிப் பிடிக்க வைக்கும் வழியை ரெஜினா கண்டுபிடித்தார். அதை எப்படிச் செய்தார் என்று அவரையே கேளுங்கள். நான் சொன்னால் தப்பாகச் சொல்லிவிட்டு அதையும் பெருமையாகச் சொல்வேன். ஊரில் எந்த பேக்கரிக்காரனும் எங்களை உள்ளே விடவில்லை. மாவு முதலாளியை விரட்டியவன் என்று பேர் எடுத்துவிட்டேன்; இவன் கையெழுத்து வரைக்கும் வந்து மாலையைக் கழற்றுவான் என்று பயந்தார்கள்.

மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வசந்தா ஷெட்டுக்கு வந்தாள். பெங்களூரில் ஒரு பேக்கரியில் பேக்கிங் வேலையில் சேர்ந்திருந்தாள். ஷெட்டை விட்டுப் போகும்போது வெட்டிப்போட்ட ஃபிலிமில் ஒரு சுருள் எடுத்துப் போயிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை, நானும் இப்போது கேட்கவில்லை. ரயிலில் கொண்டுபோகிற பன்னை அதில் சுற்றி வைத்திருந்தாளாம். மழையில் கடையில் இருந்த பன் எல்லாம் பூசணம் பிடித்துத் திரும்பி வர, இவள் பையில் மறந்து கிடந்த பன் மட்டும் சுத்தமாக இருந்திருக்கிறது. பேக்கரி முதலாளி அம்மா அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, எங்கே வாங்கினாய் என்று கேட்டிருக்கிறார்.

வசந்தா என் எதிரே உட்கார்ந்தாள். கால்மேல் கால்கூடப் போட்டுக்கொண்ட மாதிரி எனக்கு ஞாபகம்.

"இன்னா வெல சொல்றீங்கணா?"

"உனக்கா, பேக்கரிக்கா?"

"பேக்கரிக்கு. நான் இப்ப அவங்க ஆளு. ஆனா மொதல்ல ஒண்ணு கேக்கணும்." அவள் ரெஜினா பக்கம் திரும்பினாள். "டாக்டர் மேடம், எங்க தேங்கா பன்னுல வெல்லம் போடுவோம், ஃபுரூட் பன்னுல புளிப்பா பழமெல்லாம் போடுவோம். எது போட்டா தூள் எறங்கும், எது போட்டா எறங்காது? எங்க பன்னையே வெச்சு டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க. தண்ணி பேப்பர்லாம் எங்கிட்ட காட்டாதீங்க."

ரெஜினா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஷாஃப்ட் வாசல் பெரியவர் ஞாபகம் வந்தது. அவருக்கும் இப்படித்தான் கேஜை விட மனசு வராது.

ஒவ்வொரு பன்னாகச் சோதித்தோம். தேங்காய் பன், சாதா பன், ரஸ்க் எல்லாம் தேறின. தூள் இருந்த இடத்திலேயே இருந்தது. ஃப்ரூட் பன் தேறவில்லை. "அதைப் பழைய பையிலயே போட்டுக்கறோம்" என்று வசந்தா சொல்லிவிட்டாள். விலையில் என் தோலை உரித்தாள். அந்த ஆர்டரில்தான் ஷெட் எழுந்தது. பிறகு சப்பாத்தி, பிறகு ரொட்டி, இப்போது நீங்கள் நிற்கிற இந்தக் கட்டடம். ரயிலுக்குப் போனவர்களில் நிறையப் பேர் திரும்பி வந்தார்கள், வசந்தா உட்பட. அவளை நான் கூப்பிடவில்லை, ரெஜினா மேனேஜர் வேலை கொடுத்துக் கூப்பிட்டார். சிலர் வரவே இல்லை. அவர்களை இன்னும் காலையில் பிளாட்பாரத்தில் பார்ப்பேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மாவு முதலாளி வேறு எவனிடமோ பை வாங்கிக்கொண்டார். அவருடைய பாக்கெட் இன்னும் உப்பி வெடிக்கிறது. கடையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம். மாவு உயிரோடு இருக்கிறது.

இப்போது அந்த பாட்டில். வசந்தா என்னைக் குத்திக்காட்ட வைத்தது. கட்டடம் மாறியபோது நான் தூக்கிப் போடப் போனேன். அவளே தடுத்து, துடைத்து, புது அலமாரியில் வைத்தாள். அது ஏன் என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள், தைரியம் இருந்தால்.

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன், ஆனால் எனக்கு இங்கே இன்னும் ஒரு அதிகாரம் பாக்கி இருக்கிறது. வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரும் காலையில் உள்ளே வரும்போது அந்த பாட்டிலை ஒரு பார்வை பார்க்கவேண்டும். இத்தனை மழைக்காலம் தாண்டியிருக்கிறது. அதே ஊரில் அதே காற்றில் பிரெட் பச்சையாகிறது, செருப்பு வெள்ளையாகிறது, என் கோட்டுக்குக்கூட மீசை முளைக்கிறது. அந்த இட்லியைப் பூசணம் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதைத்தான் நாங்கள் ஊருக்கெல்லாம் காலை பலகாரமாகக் கொடுக்க இருந்தோம்.

என்றைக்காவது அதன் மேல் ஒரு புள்ளி பச்சை தெரிந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள். நானே வந்து தூக்கிப் போடுகிறேன். இதுவரை யாரும் கூப்பிடவில்லை.